பதினைந்து கல்

இரண்டு மணி ஆறு நிமிஷத்துக்கு ரத்தினபாய் செருப்பை மாட்டினாள். பாக்கியநாதன் நடு அறைக் கட்டிலில் கண்ணை மூடிக் கிடந்தார். தூங்குகிற ஆள் மாதிரி மூச்சு விட்டார். தூங்குகிற ஆளை எழுப்பக் கூடாது என்கிற மாதிரி அவளும் கதவை மெதுவாகச் சாத்தினாள். நாற்பத்து நான்கு வருஷக் குடித்தனத்தில் இரண்டு பேருக்கும் இது நன்றாகப் பழகியிருந்தது. இனி அவள் நடப்பதைப் பார்க்க வேண்டியதில்லை, படுத்தபடியே எண்ணிவிடலாம். வாசலிலிருந்து மின்கம்பம் முப்பத்தெட்டு காலடி. அங்கே நின்று மூச்சு வாங்குவாள். கம்பத்திலிருந்து காலி மனை முடிகிற மூலை நாற்பத்தொன்று. அங்கேயும் நிற்பாள். மூலை திரும்பிப் பின்சந்தில் முப்பத்து மூன்று வைத்தால் தியோடர் வாத்தியார் வீட்டு இரும்பு கேட். ஆக நூற்றுப் பன்னிரண்டு. நெஞ்சு வாங்காத ஆளுக்கு எண்பது போதும். இந்தா, கேட் கிரீச்சென்றது. அந்த வீடு தன் வீட்டுக்கு நேர் பின்னால், ஒன்பதடிச் சந்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அடுப்படிச் சுவர் வழியாகச் சத்தம் மூடிய பானைக்குள்ளிருந்து வருகிற மாதிரி வரும். இப்போது அவன், “வா ரத்தினம்” என்று சொல்லியிருப்பான். ரத்தினம். வாத்தியார் ஒரு நாளைக்கு நாலைந்து தடவை அந்தப் பெயரைச் சொல்கிறான். இவர் சொன்னது ஒரே ஒரு தடவை, வேதக்கோயிலில், ஐயர் சொல்லச் சொல்ல, பாக்கியநாதனாகிய நான் ரத்தினபாயாகிய உன்னை என்று. அதற்கப்புறம் ‘இந்தா’, ‘கேட்டியா’, ‘எங்க போன’. பெயரைச் சொல்லிக் கூப்பிட நாக்கு கூசியது, அவ்வளவுதான். கூசாதவனுக்கு என்ன, அவனும் அவளும் ஒரே ஊர், ஒரே கோயிலில் பாட்டுப் படித்தவர்கள், அவனுக்கு அவள் பெயர் தண்ணீர் மாதிரி வரும்.

நாற்பத்தேழாவது நாள். சித்திரை பிறந்து நாலாம் நாள் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமைகூட விடவில்லை, கோயில் விட்டு வந்து சாப்பிட்டதும் போனாள். ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம், சில நாள் இரண்டேகால். அப்படி என்ன பேச்சு? பேச்சில்லை, காற்று என்கிறாள். “அங்க காத்து வருது. எனக்கு மூச்சு வருது. வேற ஒண்ணுமில்ல” என்கிறாள். காற்று. இந்தத் தூத்துக்குடியில் காற்றுக்கா பஞ்சம்? காலையில் மேற்கேயிருந்து அனல் மாதிரி வரும், பன்னிரண்டு ஒன்றுக்குத் திரும்பிக் கடலிலிருந்து வரும். அது தன் வாசலில் விழுந்துதான் பின்னால் போக வேண்டும், ஏனென்றால் தன் வீடுதான் கடல் பக்கம். கிழக்கே முன் ஜன்னல் இரண்டும் நாலடிக்கு மூன்றரையடி, தானே நூல் பிடித்துப் பார்த்து வைத்தது. அப்படியும் உள்ளே ஒரு இலை அசையவில்லை. கட்டிலுக்குக் கீழே பகலிலேயே கொசுவத்தி எரிந்தது. புகை ஒரு முழம் நேராக எழுந்து, அங்கே யோசித்து நின்று, வட்டம் போட்டு, அவர் முகத்துக்கே திரும்பியது. மேலே மின்விசிறி சுற்றியது. மொட்டை மாடிச் சூட்டை அள்ளி அள்ளி இறக்குவதைத் தவிர அதற்கு வேறு வேலை தெரியவில்லை. முதுகுக்குக் கீழே விரிப்பு ஈரம். வீடு ரயில் பெட்டி மாதிரி மூன்று அறை, முன்னறை, நடு அறை, கடைசியில் அடுப்படி. வடக்கே அடுத்த வீட்டுச் சுவர். தெற்கே காலி மனை. அதன் சொந்தக்காரர் தன் நிலத்தைப் பார்த்து ஜன்னல் வைக்க விடவில்லை. கடல் காற்று அந்தக் காலி மனை வழியாக வழுக்கிக்கொண்டு போய் வாத்தியார் வீட்டு ஜன்னலில் ஏறுகிறது. என் வாசலைத் தொட்டுக்கொண்டு, எனக்கு ஒன்றும் தராமல், அவன் வீட்டுக்குப் போகிறது. எல்லாமே அங்கேதான் போகிறது.

நேற்று அந்த டாக்டரம்மா கேட்காமல் இருந்திருக்கலாம். சின்னப் பெண், முப்பது வயதிருக்காது, ரத்தினத்தின் முதுகில் குழலை வைத்து ஆறு இடத்தில் கேட்டாள். ஆறு இடம், அவர் எண்ணினார். பிறகு, “அடுப்படில ஜன்னல் இருக்காம்மா?” என்றாள். ரத்தினம் இவரைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. பள்ளிக்கூடத்தில் பிள்ளை என்ன பதில் சொல்லும் என்று பார்க்கிற தாயார் மாதிரிப் பார்த்தாள். “இருக்கு” என்றார் பாக்கியநாதன். பொய் இல்லை. ஜன்னல் இருக்கிறது. முனிசிபாலிட்டி முத்திரை குத்திய படத்தில் இருக்கிறது. சுவருக்குள்ளே இருக்கிறது. டாக்டரம்மா எழுதிக்கொண்டே, “நல்லாத் திறந்து வைங்க தாத்தா, புகை நிக்கக் கூடாது” என்றாள். பஸ்ஸில் ரத்தினம் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்தாள், நீலப் பையை எடுத்தாள், புடவைகளை மடித்து வைத்தாள். “ஜன்னல் இருக்குன்னு சொன்னியளே. அந்த ஜன்னலோட நீங்க இருங்க. நாளைக்குச் சாயங்காலம் அஞ்சரை பஸ்ல நான் பியூலா வீட்டுக்குப் போறேன்.” பியூலா மகள், நாகர்கோவிலில் இருக்கிறாள். எத்தனை நாளைக்கு என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல் விட்டார். அவள் தூங்கிய பிறகு பையைத் திறந்து பார்த்தார். ஒரு வாரத்துக்கு என்றால் இரண்டு புடவை வைப்பாள். பேரன் பிறந்தபோது ஒரு மாதம் இருந்தாள், மூன்று புடவை. பையில் ஆறு இருந்தது. அடியில் வேதப்புத்தகம். ஆறு புடவையும் வேதப்புத்தகமும் என்றால் எத்தனை மாதம் என்று அவருக்குத் தெரிந்த எந்தக் கணக்கிலும் வரவில்லை.

சாளை மீன்தான் காரணம். இல்லை, சாளை மீனா காரணம்? இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தி அடுப்படியில் மேற்கே பார்த்து அந்த ஜன்னல் இருந்தது, நாலடி அகலம். அடுப்பு அதன் பக்கத்தில். கிழக்கே நுழைகிற காற்று மூன்று அறையையும் கடந்து அவள் தலையைக் கலைத்துவிட்டு அந்த வழியாகத்தான் வெளியே போகும். அப்போது அவளுக்கு ஒரு தும்மல்கூடக் கிடையாது. அன்றைக்கு வாத்தியார் சந்தில் நின்றபடி, “ரத்தினம், சாளைக் குழம்பா? எங்க வீட்ல ரசம் வச்சிருக்கோம், இந்த வாசத்துலயே ரெண்டு தட்டு உள்ள போயிரும் போல” என்றான். அவள் சிரித்தாள். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவர் அதற்கு முன்னால் கேட்டதில்லை. அது அவளிடம் இருந்தது என்றே தெரியாது. நடு அறையில் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தவர் ஒரு கை உள்ளேயும் ஒரு கை வெளியேயுமாக நின்றார். கழுத்துக்குப் பின்னால் காற்று தொட்டது. அப்போதுதான் தோன்றியது, இது என்னைத் தொட்டுவிட்டு அவளைத் தொடப் போகிறது, அவள் கழுத்து வியர்வையைத் துடைத்துவிட்டு, குழம்பு வாசத்தையும் பிச்சிப்பூ வாசத்தையும் எடுத்துக்கொண்டு, அந்த ஜன்னல் வழியாகப் போய் அவன் மூக்கில் ஏறப் போகிறது என்று. ஒரு நாள் இல்லை, தினமும். தினமும் இது நடந்துகொண்டிருக்கிறது, நான் துறைமுகத்தில் மூட்டை எண்ணிக்கொண்டிருக்கிறேன். அந்த வாரமே சிமெண்ட் கல் வாங்கிப் போட்டார். கொத்தனாரைக் கூப்பிடவில்லை, ஏன் என்று கேட்பான். தானே அடைத்தார். வரிசைக்கு மூன்று, ஐந்து வரிசை, பதினைந்து கல். “எலி வருது” என்றார். ரத்தினம் பதினைந்து கல்லையும் நின்று பார்த்தாள். கடைசிக் கல் வைக்கும்போது, “எலி கீழ இருந்துல்லா வரும்?” என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். அதற்கப்புறம் அந்த அடுப்படியில் மிளகாய் வறுத்தாள், கருவாடு பொரித்தாள், மண்ணெண்ணெய் அடுப்பு, பிறகு கேஸ். ஒரு நாளைக்கு மூன்று வேளை, வருஷத்துக்கு ஆயிரத்துத் தொண்ணூற்றைந்து வேளை, இருபத்திரண்டு வருஷத்துக்கு, வேண்டாம், அதைப் பெருக்க வேண்டாம்.

பெருக்காமல் இருக்க முடியவில்லை. இருபத்து நாலாயிரத்துத் தொண்ணூறு. பேறுகாலத்துக்கும் கல்யாணத்துக்கும் ஊருக்குப் போன நாளைக் கழித்தாலும் இருபத்து மூவாயிரத்துக்குக் குறையாது. எட்டாவது படித்தவருக்கு இந்த ஒன்று மட்டும் கையில் வந்தது. துறைமுகத்தில் முப்பத்தாறு வருஷம் மூட்டை எண்ணினார், நாலு கோடு நேராக, ஐந்தாவது குறுக்கே. எண்ணுகிறவனுக்கு அங்கே ஒரு சட்டம் உண்டு. உன் கிரேன் கொக்கியில் இறங்குவதை மட்டும் எண்ணு, பக்கத்துக் கொக்கியைப் பார்த்தால் இரண்டும் தப்பும். அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை. கணக்கு ஒரு மூட்டை குறைந்ததில்லை. சத்தம் போடத்தான் வராது. “எத்தனைவே?” என்று மேலேயிருந்து கேட்பார்கள். இவர் சொல்வது யாருக்கும் விளங்காது. “நாக்கை வீட்ல வச்சிட்டு வந்தீரா? மறுபடி சொல்லும்” என்பார்கள். எழுபத்தொரு வயது வரைக்கும் அவர் எதையும் ஒரே தடவையில் சொல்லி யாருக்கும் கேட்டதில்லை. வாத்தியாருக்கோ கரும்பலகைத் தொண்டை. தெருவுக்கே கேட்கும். தன் வீட்டைத் தானே வரைந்து கட்டியவன், படம் வரையச் சொல்லிக்கொடுத்தவன். வாசலுக்கு நேரே வாசல், ஜன்னலுக்கு நேரே ஜன்னல், மாடிப்படி உச்சியில் சூடு வெளியேற ஒரு கூண்டு, அதில் சாய்ந்த பலகைகள். எதற்கெடுத்தாலும் விளக்கம். போன வாரம் ரத்தினம் சாப்பாடு போட்டுக்கொண்டே சொன்னாள், “வாத்தியார் சொன்னாவ, ஒரு குப்பி வாய்ல காயிதத்தைச் சுருட்டி வச்சு ஊதுனா உள்ள போவாதாம். திரும்பி மூஞ்சிலதான் அடிக்குமாம். உள்ள இருக்க காத்துக்குப் போக இடம் இல்லல்லா? நம்ம வீடும் அந்தக் குப்பிதானாம்.” வாத்தியார் சொன்னாவ. வாத்தியார் சொன்னாவ. எங்கள் வீட்டைப் பற்றி அவன் என்ன பேசுவது, அதை இவள் என்ன இங்கே வந்து சொல்வது, ஊதினால் உள்ளே போகாமல் எங்கே போகும்?

எழுந்தார். மணி இரண்டு ஐம்பது. அலமாரிக்கு மேலே அவளுடைய இருமல் மருந்துக் குப்பி காலியாக இருந்தது, அந்த வரிசையில் ஒன்பதாவது. பழைய காலண்டர் தாளில் ஒரு மூலையைக் கிழித்துப் பட்டாணி அளவுக்கு உருட்டி, குப்பியைப் படுக்க வைத்த மாதிரிப் பிடித்து, வாயோரத்தில் அதை வைத்தார். வீட்டில் யாரும் இல்லை என்று தெரிந்தும் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார். ஊதினார். உருண்டை அவர் உதட்டில் வந்து அடித்தது. மெதுவாக ஊதினால் போகும். மெதுவாக ஊதினார். வெளியே வந்து விழுந்தது. பலமாக, தாடை வலிக்க, கண் பிதுங்க ஊதினார். மூக்கில் அடித்தது. மூன்று. மூன்றுக்கு மூன்று. எழுபத்தொரு வயதில் பட்டப்பகலில் வேட்டி மடித்துக் கட்டிக்கொண்டு குப்பி ஊதுகிற தன்னை ஜன்னலுக்கு அந்தப் பக்கம் யாரோ நின்று பார்த்துச் சிரிக்கிற மாதிரி இருந்தது. தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து. பொய் சொல்லாத குப்பியின் மேல் கோபம் வந்தது. அவன் சொன்னது ஏன் சரியாக இருக்க வேண்டும்? எத்தனையோ பேர் எத்தனையோ தப்பாகச் சொல்கிறார்கள், இவனும் ஒன்று தப்பாகச் சொல்லிவிட்டுப் போனால் என்ன?

அடுப்படிக்கு வந்தார். அங்கே சூடு வேறு மாதிரி, பழைய சூடு. மத்தியானம் தாளித்தது இன்னும் போகாமல் மூலையில் நின்றது. தும்மல் வந்தது. அடைத்த இடத்துக்குப் பூச்சுப் பூசி வெள்ளையடித்து, மேலே கோயில் காலண்டரை மாட்டியிருந்தது. காலண்டரின் பின்பக்கம்தான் அவர் கணக்கு. தூக்கினார். ஒன்பது கட்டும் ஒரு கோடும். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து இன்னொரு கோடு போட்டார். நாற்பத்தேழு. நாளைக்குப் போட வேண்டியதில்லை. அந்த நினைப்பு வந்ததும் கை நின்றது. நாளைக்கு அவள் அங்கே போக மாட்டாள். இங்கேயும் இருக்க மாட்டாள். அவனுக்கும் இல்லை, எனக்கும் இல்லை. இதில் ஒரு துளி ஆறுதல் இருந்தது, அந்த ஆறுதல் அவருக்கே அருவருப்பாக இருந்தது. இராத்திரியில் அவள் மூச்சை அவர் எண்ணுவதுண்டு. நிமிஷத்துக்கு இருபத்தாறு. ஒவ்வொன்றின் கடைசியிலும் பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம். அந்தச் சத்தம் நின்றுவிடுமோ என்றுதான் எண்ணினார், நிற்கவில்லை என்று தெரிந்துகொள்ளத்தான். நாகர்கோவிலில் யார் எண்ணுவார்கள்? பியூலாவுக்கு எண்ணத் தெரியாது. படுத்தால் கட்டை. காலண்டரை இன்னும் மேலே தூக்கினார். பூச்சில் மயிரிழையாக ஒரு விரிசல், மேலே போய், நேராகத் திரும்பி, கீழே இறங்கி, நாலு மூலையும் பிசகாமல். இருபத்திரண்டு வருஷமாக ஜன்னல் உள்ளேயிருந்து கோடு போட்டுக்கொண்டிருந்திருக்கிறது. போய்க் கொசுவத்தியை எடுத்து வந்து விரிசலுக்குக் கீழே பிடித்தார். புகை நேராக எழுந்தது. எழுந்து, யோசித்து, பிறகு நூல் மாதிரி மெலிந்து, வளைந்து, விரிசலுக்குள் நுழைந்தது. நுழைந்துகொண்டே இருந்தது. என் வீட்டுப் புகைக்கும் அங்கேதான் போக வேண்டுமா என்று முதலில் நினைத்தார். பிறகு, புகைக்குத் தெரிந்த வழி அதுதான், அது இத்தனை காலம் இந்த மயிரிழையிலேயே முட்டிக்கொண்டிருந்தது, மீதி முழுக்க அவள் நெஞ்சுக்குள் போயிருக்கிறது என்று நினைத்தார். இரண்டு நினைப்பும் ஒன்றையொன்று தள்ளவில்லை. பக்கத்தில் பக்கத்தில் நின்றன.

வீட்டில் உளி இல்லை. ஆணி பிடுங்குகிற சுத்தியலும் பழைய ஸ்க்ரூடிரைவரும்தான். மணி மூன்று இருபத்து நாலு. காலண்டரை ஓரமாக ஒதுக்கி மாட்டிவிட்டு, நடு வரிசையின் நடுக் கல்லைக் குறிபார்த்து முதல் அடி கொடுத்தார். சத்தம் வீடு முழுக்க அதிர்ந்தது. அவர் வாழ்நாளில் இத்தனை பெரிய சத்தம் போட்டதில்லை. அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்த முணுமுணுப்பு நின்றது. பூச்சு பெயர்ந்து விழுந்தது. உள்ளே கலவை, தானே கலந்தது, எவ்வளவு கெட்டியாகக் கலந்திருக்கிறேன், ஒன்றுக்கு நாலு போதும் என்பார்கள், நான் ஒன்றுக்கு மூன்று கலந்தேன், கொஞ்சம்கூடக் கசியக் கூடாது என்று. அடித்தார். பெருவிரலில் ஒரு அடி விழுந்தது. ஏன் பேச்சை நிறுத்தினார்கள்? நிறுத்தினால் என்ன செய்கிறார்கள்? பேசினாலும் குற்றம், பேசாவிட்டாலும் குற்றம் என்று கேட்டால் நான் என்ன சொல்வது? இதைத் திறந்தால் முதலில் தெரியப் போவது அவர்கள் இரண்டு பேரும் உட்கார்ந்திருக்கிற கோலம்தான். அவன் சாய்வு நாற்காலியில், அவள் எதிரே, காற்று அவளைக் கடந்து அவனிடம். அதைப் பார்க்கத்தான் இடிக்கிறேனா, அவள் மூச்சுக்காக இடிக்கிறேனா? கை அடித்துக்கொண்டிருந்தது, கையைக் கேட்டால் சொல்லுமோ என்னவோ. சிமெண்டுத் தூசி தொண்டையில் இறங்கி இருமல் வந்தது. குனிந்து இருமும்போது தன் மூச்சிலும் ஒரு பூனைக்குட்டி கத்தியது. கேட்டார். நின்று இன்னொரு தடவை கேட்டார். நானும் இதே குப்பிக்குள்தான் இருந்திருக்கிறேன். கல் அசைந்தது. சுத்தியலின் ஆணி பிடுங்குகிற பக்கத்தைக் கொடுத்து நெம்பினார். உள்ளே இழுக்க வரவில்லை. வெளியே தள்ளினார். சந்தில் தொப்பென்று விழுந்தது. மணி நாலு ஐந்து. ஒரு கல்லுக்கு நாற்பத்தொரு நிமிஷம்.

வெளிச்சம் முதலில் வந்தது. அவர் கண்ணைச் சுருக்கினார். பிறகு முதுகில் ஏதோ தொட்டது. ஈரப் பனியன் முதுகெலும்போடு ஒட்டிக் குளிர்ந்தது. நடு அறைக் கதவு தானாக ஆடியது. முன்னறையில் பேப்பர் ஒன்று தரையில் நகர்கிற சத்தம் கேட்டது. காலண்டர் ஆணியில் படபடத்து, நாற்பத்தேழு கோடும் தெரியத் திரும்பிக்கொண்டது. ஓட்டை வழியாகப் பார்த்தார். ஒன்பதடிக்கு அந்தப் பக்கம் ஜன்னல் கம்பிக்குப் பின்னால் முகங்கள். ஒன்று, இரண்டு, மூன்று. இடது பக்கம் கிரேஸ் அக்கா, வாத்தியாரின் அக்கா, முப்பது வருஷமாக அந்த வீட்டிலேயே இருக்கிற விதவை, கையில் முருங்கைக்கீரையோடு. நாற்பத்தேழு நாளும் அவள் அங்கே இருந்திருக்கிறாள். அவளை அவர் எண்ணியதில்லை. அவள் பக்கத்துக் கொக்கி. வலது பக்கம் தியோடர், மூக்குக் கண்ணாடி நெற்றியில். நடுவில் ரத்தினம். கன்னத்தில் பாய் அச்சு பதிந்திருந்தது. தூங்கியிருக்கிறாள். அவள் கை கம்பியைப் பிடித்திருந்தது. வாத்தியாரின் கையும் அதே கம்பியை, மேலே. இரண்டு கைக்கும் நடுவே ஒரு சாண், ஒன்பது அங்குலம், எட்டாகவும் இருக்கலாம்.

“அண்ணாச்சி, தலை பூரா வெள்ளையா இருக்கு” என்றாள் கிரேஸ். “கிறிஸ்மஸ் தாத்தா மாதிரி.”

“சும்மா இரு அக்கா” என்றார் தியோடர். அவர் சிரிக்கவில்லை என்பதைப் பாக்கியநாதன் பார்த்துக்கொண்டார்.

ரத்தினத்தின் நெற்றியில் நரைமயிர் ஒன்று எழுந்து பின்னால் போயிற்று. மூக்கைச் சுளித்தாள்.

“கொசுவத்தி நாத்தம் வருது” என்றாள்.

இந்த வீட்டிலிருந்து அங்கே போகிறது. அவர் தலையாட்டினார்.

“எத்தனை கல்லு இருக்கு இன்னும்?”

“பதினாலு.”

“பஸ் அஞ்சரைக்கு” என்றாள். சண்டைக் குரல் இல்லை. நேரத்தைச் சொன்னாள். போகாதே என்று சொல்ல அவருக்கு வரவில்லை. அவளும் அதை எதிர்பார்த்து நிற்கவில்லை, கல்லைத்தான் கேட்டாள். பதினாலை நாற்பத்தொன்றால் பெருக்கினார். ஐந்நூற்று எழுபத்து நாலு நிமிஷம். ஒன்பதரை மணிக்கும் மேலே. இப்போது மணி நாலு ஏழு, கையில் இருப்பது எண்பத்து மூன்று நிமிஷம். எந்தப் பக்கம் திருப்பி எழுதினாலும் இந்தக் கணக்கு ஸ்க்ரூடிரைவரில் தீராது.

“எங்கிட்ட கடப்பாரை இருக்கு அண்ணாச்சி” என்றார் தியோடர். “ரெண்டு பேர் நெம்புனா அரை மணி நேரம். கொண்டாரட்டா?”

வீடு கட்டிய புதிதில் பால் காய்ச்சுவதற்கு வந்தவர். அப்புறம் ஜன்னலை அடைத்த நாளிலிருந்து ஒரு தடவைகூட உள்ளே கூப்பிட்டதில்லை. வந்தால் அடுப்படிக்கு வருவார், அவள் பாத்திரங்களுக்கு நடுவே நிற்பார், ரத்தினம் தண்ணி கொடு என்பார், பெயரைச் சொல்வார். சொல்வார்தான். காலண்டரைத் திருப்பி வைக்க வேண்டும், அந்தக் கோடுகளை அவர் பார்க்கக் கூடாது. பார்த்தால் பார்க்கட்டும். ரத்தினம் கம்பியிலிருந்து கையை எடுக்கவில்லை. வாய் மூடியிருந்தது. மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். எண்ண முயன்றார். தூரத்திலிருந்து தெரிந்த அளவுக்கு, பதினாறு, பதினேழு.

“கொண்டு வாரும்” என்றார்.

எப்போதும் போலத்தான் சொன்னார், தொண்டைக்குள்ளேயே. ஆனால் காற்று பின்னாலிருந்து வந்தது. அது அவர் காதுகளைக் கடந்து, ஓட்டை வழியாக இறங்கி, சந்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. மறுபடி சொல்லும் என்று யாரும் கேட்கவில்லை. தியோடர் ஜன்னலை விட்டு நகர்ந்தார். உள்ளே இரும்பு தரையில் உராய்ந்தது. கேட் கிரீச்சென்றது. பாக்கியநாதன் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு எண்ணத் தொடங்கினார். நெஞ்சு வாங்காத ஆளுக்கு எண்பது. நாற்பதில் நடு அறைக்கு வந்தார். ஐம்பதில் முன்னறை. அறுபத்திரண்டில் தாழ்ப்பாளை எடுத்துக் கதவை அகலத் திறந்து வைத்தார்.